கார் நிற்காத கார் ஷெட்டுகள்

கார் ஷெட்டில் ஆரம்பித்துப் பெரிய கம்பெனி ஆன கதைகளைக் கேட்டுக் கேட்டு நமக்கெல்லாம் சலித்துப் போயிருக்கும். ஹ்யூலெட்-பேக்கார்ட் கதை அதில் முதல் வரிசை. 1938-ல் பில் ஹ்யூலெட், டேவ் பேக்கார்ட் என்ற இரண்டு நண்பர்கள் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோ நகரத்தில் ஒரு வாடகை வீட்டு ஷெட்டில் வேலையைத் தொடங்கினார்கள். கையில் இருந்த முதல் 538 டாலர். 1987-ல் அந்த ஷெட்டைக் கலிஃபோர்னியா அரசு வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது.

அந்தக் கதையில் எல்லோரும் கம்பெனியைப் பார்க்கிறார்கள். ஒரு மாறுதலுக்கு நாம் ஷெட்டைப் பார்ப்போம். ஒரே ஒரு கார் நிற்கும் இடம். ஏறக்குறைய 12 அடிக்கு 18 அடி. உள்ளே ஒரு பழைய ட்ரில்லிங் மெஷின். கருவியின் முகப்புத் தகட்டுக்குப் பெயின்ட் அடித்தார்கள். அதைச் சூட்டில் வைத்துக் காயவைக்கத் தனி அடுப்பு கிடையாது. எனவே பேக்கார்டின் மனைவி லூசில் சமைக்கும் அவனிலேயே வைத்து எடுத்தார்கள். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு என்ன வாசனை அடித்ததோ :)

இடம் இல்லை, கருவி இல்லை, இருப்பதை வைத்துச் சமாளிக்க வேண்டும். வீட்டுப் பட்டறை வைத்திருந்த எல்லோருக்கும் இதே பிரச்சினைதான். ஹெச்.பி. மாதிரி பெரிய ஆளாகாமல், இந்தப் பிரச்சினையை மட்டும் உட்கார்ந்து யோசித்துத் தீர்த்த சிலர் இருக்கிறார்கள். இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியது. ஒரு மெஷின், ஒரு சுவர், ஒரு பெஞ்ச், கடைசியாக ஏழு சின்னப் புத்தகங்கள். இந்த நான்கையும் பார்ப்போம். காமர்ஸ் படிக்கிறவன் எழுதுவதால் ஒரு கேள்வி கூடவே வரும்: ஒருத்தர் தன் வீட்டுத் தேவைக்கு யோசித்த பொருள் வெளி உலகத்துக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது? பெரிய கம்பெனிகள் ஏன் அதை முதலில் கவனிக்கவே இல்லை?

கார் வந்தது, பட்டறை வந்தது

நம் ஊரில் தச்சரும் கொல்லரும் தனித் தொழில் செய்கிறவர்கள். வீட்டில் ஒரு நாற்காலிக் கால் ஆடினால் ஆளைக் கூப்பிடுவோம். அமெரிக்காவில் 20-ஆம் நூற்றாண்டில் கதை வேறு மாதிரி போனது. கூலி அதிகம், வீடு சொந்த வீடு, ஆட்கள் சுலபமாகக் கிடைக்க மாட்டார்கள். ஆகவே வீட்டுக்காரரே ரம்பத்தைக் கையில் எடுத்தார்.

அவருக்குச் சொல்லிக் கொடுக்கப் பத்திரிகைகள் வந்தன. 1902-ல் சிகாகோவில் ஹென்றி ஹேவன் விண்ட்ஸர் என்பவர் 'பாப்புலர் மெக்கானிக்ஸ்' பத்திரிகையைத் தொடங்கினார். புதிய கண்டுபிடிப்புகளைச் சாதாரண ஆளுக்குப் புரிகிற மாதிரி எழுதுவதுதான் அதன் கொள்கை. 1913-ல் அதே நிறுவனம் 'தி பாய் மெக்கானிக்' என்ற புத்தகத்தை வெளியிட்டது. பையன்கள் தாங்களே செய்யக்கூடிய 700 பொருள்களுக்குச் செய்முறை அதில் இருந்தது. வீட்டில் கிடக்கும் பழைய சாமானில் இருந்து ஏதாவது செய்வது என்பது ஒரு தலைமுறைக்கே பழக்கம் ஆனது.

பிறகு இரண்டாம் உலகப் போர். லட்சக்கணக்கானவர்கள் ஆயுதத் தொழிற்சாலைகளில் வேலை செய்து மெஷின்களைப் பழகினார்கள். பிளாக் அண்ட் டெக்கர் கம்பெனியைப் பற்றி இங்கே ஒரு கதை சொல்வார்கள். இந்தக் கம்பெனி 1910-ல் பால்டிமோரில் தொடங்கியது. துப்பாக்கி மாதிரி பிடியும் விசையும் உள்ள மின்சார ட்ரில்லுக்கு 1917-ல் காப்புரிமை பெற்றவர்கள் இவர்கள்தான். ஆனால் அது தொழிற்சாலைக்கான சாமான், விலை அதிகம். போர்க்காலத்தில் தொழிலாளர்கள் இந்த ட்ரில்களை வீட்டுக்குக் கொண்டு போய்விடுகிறார்கள் என்று புகார் வந்ததாம். திருட்டு என்று மட்டும் பார்க்காமல், 'வீட்டில் இதற்கு என்ன வேலை?' என்று கம்பெனி யோசித்தது. விளைவு, 1946-ல் வீட்டு உபயோகத்துக்கென்று கால் அங்குல ட்ரில் 16.95 டாலருக்குக் கடைக்கு வந்தது. இந்தக் கதையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதே கம்பெனி மறுபடி வரும், வேறு முகத்தோடு.

கருவி வந்துவிட்டது, சரி. வைத்து வேலை செய்ய இடம்? போர் முடிந்து வந்த சிப்பாய்களுக்காக நியூயார்க் பக்கத்தில் லாங் ஐலண்டில் லெவிட்டவுன் என்ற குடியிருப்பைக் கட்டினார்கள். 1947-லிருந்து 1951-க்குள் 17,000-க்கும் மேற்பட்ட வீடுகள். முதலில் கட்டிய வீடுகள் 750 சதுர அடி. நிலவறை கிடையாது, கார் ஷெட்டும் கிடையாது. மாடிப் பரணை முடிக்காமல் அப்படியே விட்டிருந்தார்கள். குழந்தைகள் பிறந்தால் வீட்டுக்காரரே பலகை அடித்து அறை ஆக்கிக்கொள்ள வேண்டியதுதான். அதாவது, மரவேலை செய்தே ஆக வேண்டும், ஆனால் மரவேலை செய்ய இடம் கிடையாது! 1954 ஆகஸ்டில் 'டைம்' பத்திரிகை இந்த 'நீயே செய்துகொள்' மோகத்தை அட்டைப்படக் கட்டுரையாகவே போட்டது. கோடிக்கணக்கான டாலர் புழங்கும் வியாபாரமாக அது வளர்ந்திருந்தது.

ஐந்து மெஷின், ஒரு மோட்டார்

ஒரு தச்சுப் பட்டறைக்கு அடிப்படையாக என்னென்ன மெஷின் வேண்டும்? வட்ட ரம்பம் பொருத்திய மேசை, மரம் கடையும் லேத், செங்குத்தாகத் துளை போட ஒரு ட்ரில்லிங் மெஷின், பக்கவாட்டில் துளை போட இன்னொன்று, தேய்த்து வழவழப்பாக்க உப்புத்தாள் ஒட்டிய சுழலும் தட்டு. மொத்தம் ஐந்து. ஒவ்வொன்றுக்கும் தனி மோட்டார், தனி ஸ்டாண்டு. சுற்றி நின்று வேலை செய்யவும் இடம் வேண்டும். 12 அடிக்கு 18 அடி ஷெட்டில் இவ்வளவையும் வைத்தால் மனுஷன் வெளியேதான் நிற்க வேண்டும்.

நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி அமெரிக்காவுக்கு வந்த ஹான்ஸ் கோல்ட்ஷ்மிட் என்பவர் இதை வேறு மாதிரி பார்த்தார். இந்த ஐந்து மெஷினிலும் உண்மையில் நடப்பது ஒன்றுதான், ஒரு தண்டு சுற்றுகிறது. தண்டின் முனையில் ரம்பத்தை மாட்டினால் அது ரம்பம். துளையிடும் பிட் மாட்டினால் ட்ரில். மரக்கட்டையையே மாட்டினால் லேத். அப்படியானால் ஐந்து மோட்டார் எதற்கு?

அவர் செய்த மெஷினின் பெயர் 'ஷாப்ஸ்மித்'. இரண்டு நீளமான எஃகுக் குழாய்கள் தண்டவாளம் மாதிரி படுத்திருக்கும். அதன்மேல் மோட்டார் தலை முன்னும் பின்னும் நகரும். மேசையும் அதே குழாய்களில் நகரும். குழாய்களை ஒரு முனையில் தூக்கி நிமிர்த்தினால் மொத்த மெஷினும் எழுந்து நின்று செங்குத்து ட்ரில்லிங் மெஷின் ஆகிவிடும். ஐந்து மெஷின் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு சைக்கிள் நிற்கும் இடம் போதும். 1947-ல் இது சந்தைக்கு வந்தது, மாண்ட்கோமரி வார்டு என்ற பெரிய கடை வரிசை இதை விற்றது. விலை 169.50 டாலர். தனித்தனியாக ஐந்தும் வாங்குவதோடு ஒப்பிட்டால் மலிவு.

ஆனால் இலவசமாக எதுவும் கிடைக்காது என்று நம் பொருளாதாரப் பாடத்தில் முதல் வாரமே சொல்லிவிடுகிறார்கள். ஷாப்ஸ்மித்தில் ரம்பத்தால் பலகையை அறுத்துவிட்டுத் துளை போட வேண்டுமென்றால், ரம்பத்தைக் கழற்றி, மேசையை நகர்த்தி, மெஷினை நிமிர்த்தி, பிட் மாட்ட வேண்டும். அப்புறம் ஒரு பலகை அரை அங்குலம் அதிகம் என்று தெரிந்தால் எல்லாவற்றையும் திருப்பிக் கழற்ற வேண்டும். பழகியவர்கள் அறுக்கும் வேலை எல்லாவற்றையும் முதலிலேயே முடித்துவிட்டு, அப்புறம்தான் துளைக்குப் போவார்கள். இடத்தில் மிச்சம் பிடித்ததை நேரத்திலும் திட்டமிடலிலும் கட்ட வேண்டியிருந்தது. தொழிற்சாலை முதலாளிக்கு இது கட்டாது, அவருக்கு ஒவ்வொரு நிமிஷமும் கூலி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேலை செய்கிறவருக்கு நேரம் இருக்கிறது, இடம்தான் இல்லை. அவருக்கு இது நல்ல பேரம். ஒரே மெஷின் ஒருத்தருக்கு நஷ்டம், இன்னொருத்தருக்கு லாபம். எது அரிதோ அதுதான் விலை.

ஷாப்ஸ்மித் 1960-களில் உற்பத்தி நின்று போய், 1972-ல் ஒஹையோ மாநிலத்தின் டேட்டன் நகரத்தில் ஒரு புதிய கம்பெனியாக மறுபிறவி எடுத்தது.

சுவரே அலமாரி

அடுத்தது மெஷின் அல்ல, வெறும் ஓட்டை போட்ட பலகை. ஹார்ட்வேர் கடைகளில் சாமான் தொங்கவிடும் அந்தப் பலகையை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். வரிசையாக ஓட்டை, ஓட்டையில் வளைந்த கம்பி, கம்பியில் ஸ்பானர். பெயர் பெக்போர்டு.

இதன் மூலப்பொருள் ஹார்ட்போர்டு. அதைக் கண்டுபிடித்தவர் வில்லியம் மேசன், எடிசனிடம் வேலை பார்த்தவர். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் லாரல் என்ற ஊரில் மரம் அறுக்கும் ஆலைகள் நிறைய. அறுத்தது போக மிச்சமாகும் சிராய்களை வீணாக எரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சிராய்களை நீராவி அழுத்தத்தில் வெடிக்கச் செய்து நாராக்கி, அதில் ஏதாவது செய்ய முடியுமா என்று மேசன் பார்த்துக்கொண்டிருந்தார். 1924-ல் ஒருநாள் நாரை அழுத்தும் மெஷினில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனாராம். நீராவி வால்வு சரியாக மூடாததால் சூடும் அழுத்தமும் தொடர்ந்து ஏறி, திரும்பி வந்து பார்த்தபோது மெல்லிசான, கெட்டியான பலகை ஒன்று கிடந்தது. அதுவே 'மேசனைட்'. பசை எதுவும் சேர்க்கவில்லை, மரத்துக்குள் இருக்கும் லிக்னினே பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டது.

அந்தப் பலகையில் சம இடைவெளியில் ஓட்டை போட்டதும் அது பட்டறைச் சுவருக்கு வந்தது. டிராயரும் பெட்டியும் தரையில் இடம் பிடிக்கும், சுவர் சும்மா இருக்கும். சும்மா இருந்த சுவரை வேலை வாங்கியது பெக்போர்டு.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஒரு சின்ன வழக்கம். ஒவ்வொரு கருவியும் தொங்கும் இடத்தில் அதன் உருவத்தைப் பலகையிலேயே கோடு போட்டு வரைந்துவிடுவார்கள். சுத்தியலை எடுத்தால் அந்த இடத்தில் சுத்தியலின் நிழல் மட்டும் நிற்கும். என்ன காணோம், எங்கே திருப்பி மாட்ட வேண்டும் என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும். நாம் சரக்குப் பதிவேடு என்று பக்கம் பக்கமாகக் கோடு போட்டு எழுதுகிறோமே, அதையே இவர்கள் சுவரில் ஒரே பார்வையில் முடித்துவிட்டார்கள்.

இந்த வழக்கம் ஷெட்டை விட்டுச் சமையலறைக்கும் போனது. அமெரிக்காவின் பிரபல சமையல் எழுத்தாளர் ஜூலியா சைல்டின் கேம்பிரிட்ஜ் வீட்டுச் சமையலறையில், அவருடைய கணவர் பால் சைல்டு சுவர் முழுக்கப் பெக்போர்டு அடித்து, ஒவ்வொரு வாணலிக்கும் பாத்திரத்துக்கும் கோடு வரைந்து வைத்தார். 2001-ல் அந்தச் சமையலறையையே கழற்றி வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குக் கொண்டு போனார்கள். அந்த ஓட்டைப் பலகைச் சுவரும் அங்கே போய்ச் சேர்ந்தது.

நாற்காலியை அறுத்தவர்

இப்போது இங்கிலாந்துக்குப் போவோம். அமெரிக்காவை விட அங்கே வீடும் சின்னது, ஷெட்டும் சின்னது. ஆனால் அங்கேயும் 'நீயே செய்துகொள்' ஜுரம் ஏறியிருந்த நேரம். 1962-ல் பி.பி.சி. தொலைக்காட்சியில் பேரி பக்னெல் என்பவர் ஒரு பழைய வீட்டை வாராவாரம் சரிசெய்வதையே நிகழ்ச்சியாகக் காட்டினார்.

ரான் ஹிக்மன் 1932-ல் தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர். 1950-களில் லண்டன் வந்து, கார் வடிவமைப்பில் நுழைந்து, லோட்டஸ் கம்பெனியில் சேர்ந்தார். 1962-ல் வந்த லோட்டஸ் எலான் என்ற புகழ்பெற்ற ஸ்போர்ட்ஸ் காரின் வடிவமைப்புக்குப் பின்னால் இருந்தவர் இவர். எடையைக் குறைத்துக் காரை வேகப்படுத்துவதில் லோட்டஸ் பெயர் பெற்ற கம்பெனி.

1961-ல் அவர் தன் வீட்டுக்கு ஒரு துணி அலமாரி செய்துகொண்டிருந்தார். பலகையை வைத்து அறுக்க மேசை இல்லை. பக்கத்தில் இருந்த விலை உயர்ந்த ஸ்வீடன் நாற்காலி மேல் பலகையை வைத்து அறுத்தார். பலகையோடு நாற்காலியும் அறுபட்டது!

நம் ஊரில் இந்தப் பிரச்சினை இப்படி வராது. நம் தச்சர்கள் பலர் தரையில் உட்கார்ந்து, பலகையைக் காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு வேலை செய்வார்கள். உடம்பே பெஞ்ச், காலே பிடி. நின்றுகொண்டு வேலை செய்யும் ஐரோப்பியத் தச்சருக்குப் பலகையைப் பிடித்துக்கொள்ள ஒரு கனமான பெஞ்சும் அதில் வைஸும் வேண்டும். பெஞ்ச் கனமாக இல்லாவிட்டால் இழைப்புளியைத் தள்ளும்போது பெஞ்சும் கூடவே நகரும். அதனால் ஆண்டாண்டு காலமாக நல்ல பெஞ்ச் என்றால் தூக்க முடியாத பெஞ்ச் என்றுதான் அர்த்தம்.

ஹிக்மன் செய்தது இதற்கு நேர் எதிர். மடக்கி ஒரு கையில் தூக்கிச் சுவரில் மாட்டும் பெஞ்ச். அதில் இரண்டு யோசனைகள் முக்கியம்.

முதலாவது, பெஞ்சில் வைஸ் மாட்டவில்லை, பெஞ்சையே வைஸ் ஆக்கினார். மேல்பலகை இரண்டு நீளத் துண்டுகள். ஒன்று அசையாது. மற்றொன்றை இரண்டு முனையிலும் உள்ள இரண்டு கைப்பிடிகளால் தனித்தனியாகத் திருகி நகர்த்தலாம். இரண்டு திருகும் தனித்தனி என்பதால் ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் குறுகலாகவும் உள்ள கோணல் கட்டையையும் இறுக்கிப் பிடிக்கும். பலகையின் விளிம்பில் உள்ள பள்ளத்தில் குழாயைப் பிடிக்கலாம். மேலே உள்ள ஓட்டைகளில் முளை செருகினால் அகலமான பலகையையும் பிடிக்கலாம்.

இரண்டாவது, எடை. கனம் இல்லாத பெஞ்ச் நகருமே? கீழே ஒரு மிதிபலகை வைத்தார். வேலை செய்கிறவர் அதில் ஒரு காலை வைத்து நின்றால் அவருடைய எடையே பெஞ்சுக்கு எடை. சுற்றி வளைத்துக் கடைசியில் அவரும் நம் தச்சர் மாதிரி காலைத்தான் உபயோகித்திருக்கிறார் பாருங்கள்!

இதை எடுத்துக்கொண்டு 1960-களின் கடைசியில் கம்பெனி கம்பெனியாகப் போனார். கருவி வியாபாரத்தில் பெரிய பெயரான ஸ்டான்லி மறுத்தது. இது டஜன் கணக்கில் விற்றால் பெரிது, நூற்றுக்கணக்கில்கூடப் போகாது என்ற மாதிரி பதில் வந்ததாகச் சொல்வார்கள். வேறு கம்பெனிகளும் மறுத்தன. மறுத்தவர்களில் ஒன்று பிளாக் அண்ட் டெக்கர். ஆமாம், தொழிலாளி வீட்டுக்குக் கொண்டுபோன ட்ரில்லைப் பார்த்துச் சந்தையைக் கண்டுபிடித்த அதே கம்பெனி!

ஹிக்மன் விடவில்லை. தானே தயாரித்து, கட்டட வேலை செய்கிறவர்களுக்கு நேரடியாக விற்கத் தொடங்கினார். விற்க விற்கப் பேச்சு பரவியது. 1970-களின் தொடக்கத்தில் பிளாக் அண்ட் டெக்கர் மனம் மாறி, உரிமத்தின் பேரில் தயாரிக்க ஒப்புக்கொண்டது. அதுவே 'ஒர்க்மேட்'. அதன் பிறகு கோடிக்கணக்கில் விற்றது. ஒவ்வொன்றுக்கும் ஹிக்மனுக்கு ராயல்டி. காப்பியடித்தவர்கள் மேல் பல வருஷம் வழக்கு நடத்தித் தன் காப்புரிமையைக் காப்பாற்றிக்கொண்டார். 1994-ல் பிரிட்டிஷ் அரசின் ஓ.பி.இ. விருது. 2011-ல் ஜெர்சி தீவில் காலமானார்.

ஸ்டான்லி ஆட்கள் முட்டாள்கள் இல்லை. வருஷத்துக்கு எத்தனை பெஞ்ச் விற்கிறது என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். எண்ணிக்கை சின்னது, ஏனென்றால் பெஞ்ச் வாங்குகிறவர்கள் பெஞ்ச் போட இடம் உள்ளவர்கள் மட்டும்தான். இடமில்லாமல் நாற்காலியிலும் மாடிப்படியிலும் பலகையை வைத்து அறுத்துக்கொண்டிருந்த லட்சக்கணக்கான பேர் எந்த விற்பனைக் கணக்கிலும் இல்லை. வாங்காதவன் கணக்கில் வரமாட்டான். அவனைப் பார்க்க வேண்டுமென்றால் கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டு அவன் வீட்டுக்குப் போக வேண்டும். ட்ரில் விஷயத்தில் அந்தத் தகவல் தானாகவே கம்பெனிக்கு வந்தது. பெஞ்ச் விஷயத்தில் வரவில்லை, நாற்காலியை அறுத்தவர்கள் யாரும் அதைக் கம்பெனிக்கு எழுதிப் போடுவதில்லை.

தன்னைத்தானே செய்துகொள்ளும் லேத்

கடைசிக் கதை எனக்கு எல்லாவற்றையும் விடப் பெரிய ஆச்சரியம். அதற்கு முன்னால் ஒரு பழைய புதிரைப் பார்க்க வேண்டும்.

நல்ல லேத் செய்ய நல்ல லேத் வேண்டும். அப்படியென்றால் முதல் நல்ல லேத் எப்படி வந்தது? நேர் கோட்டைச் சரிபார்க்க நேரான ஸ்கேல் வேண்டும். முதல் ஸ்கேலை எதை வைத்துச் சரிபார்த்தார்கள்? கோழியா முட்டையா கதைதான்.

இதற்கு 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஒரு அழகான விடை கிடைத்தது. ஹென்றி மாட்ஸ்லேயின் லண்டன் பட்டறையில் வேலை பழகிய ஜோசப் விட்வொர்த் 1840-ல் இதை அறிஞர்கள் சபையில் விளக்கினார். துல்லியமான சமதளம் வேண்டுமா? மூன்று இரும்புத் தட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் சாயம் தடவி மற்றொன்றின் மேல் வையுங்கள். சாயம் ஒட்டிய இடம் மேடு, அதைச் சுரண்டுங்கள். முதல் தட்டும் இரண்டாவதும், இரண்டாவதும் மூன்றாவதும், மூன்றாவதும் முதலும் என்று மாற்றி மாற்றி இதைச் செய்ய வேண்டும். இரண்டு தட்டு மட்டும் இருந்தால் ஒன்று குழியாகவும் மற்றொன்று அதற்கேற்ற மேடாகவும் பொருந்தி ஏமாற்றிவிடும். மூன்றும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டுமென்றால் மூன்றும் சமதளமாக இருந்தே ஆக வேண்டும். வேறு வழியே இல்லை. துல்லியமான கருவி எதுவும் இல்லாமலே துல்லியம் பிறந்துவிட்டது. வேண்டியது பொறுமை மட்டும்.

இந்தப் பொறுமையைக் கார் ஷெட்டுக்குக் கொண்டு வந்தவர் டேவிட் ஜிஞ்சரி. அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்டு ஊர்க்காரர். லேத், மில்லிங் மெஷின் எல்லாம் சாதாரண ஆளால் வாங்க முடியாத விலை. 1980 வாக்கில் தொடங்கி அவர் ஏழு சின்னப் புத்தகங்கள் எழுதினார். பழைய இரும்புச் சாமானில் இருந்து ஒரு முழு உலோகப் பட்டறையைச் செய்வது எப்படி என்பதுதான் மொத்த வரிசையும்.

முதல் புத்தகம் ஒரு கரி உலை. ஒரு இரும்பு வாளி, உள்ளே மணலும் களிமண்ணும் கலந்த பூச்சு, காற்றுக்கு ஒரு சின்ன ஊதுவான், எரிக்க அடுப்புக்கரி. பழைய எஞ்சின் பிஸ்டன் மாதிரி அலுமினியச் சாமானை அதில் உருக்கி, மரத்தில் செய்த மாதிரியை மணலில் பதித்து, அந்த அச்சில் ஊற்றினால் வார்ப்பு தயார். நம் ஊர் பாத்திர வார்ப்படக்காரர் இதைப் பார்த்தால், 'இதில் என்ன அதிசயம்?' என்று கேட்பார். அதிசயம் அடுத்த புத்தகத்தில்.

இரண்டாவது புத்தகத்தில், அந்த வார்ப்புகளைச் சேர்த்து லேத் செய்கிறார். படுக்கையைச் சுரண்டிச் சுரண்டிச் சமதளமாக்குவது கையால், விட்வொர்த் காலத்து முறையில். பாதி லேத் வந்ததும், மிச்சப் பாதியைச் செய்ய அந்தப் பாதி லேத்தையே உபயோகிக்கிறார். சுழலும் தண்டு உட்காரும் துளை படுக்கைக்குச் சரியாக இணையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் லேத்தே வீண். அந்தத் துளையைப் போட வெளியே கொண்டு போவதில்லை. லேத் தன் நகரும் பாகத்தை வைத்துத் தன் துளையைத் தானே குடைந்துகொள்கிறது.

அப்புறம் அந்த லேத்தையும் உலையையும் வைத்து ஷேப்பர். இவற்றை வைத்து மில்லிங் மெஷின். பிறகு ட்ரில்லிங் மெஷின், துணைக்கருவிகள், கடைசியில் தகடு மடிக்கும் கருவி. ஒவ்வொரு மெஷினும் அடுத்த மெஷினுக்குத் தாய். தொழிற்புரட்சியின் இருநூறு வருஷத்தை ஒரு ஆள், ஒரு ஷெட்டில், சில வருஷ ஞாயிற்றுக்கிழமைகளில் திரும்ப நடத்திப் பார்க்கிற மாதிரி.

ஜிஞ்சரி 2004-ல் காலமானார். உலகத்தில் எத்தனையோ ஷெட்டுகளில் அவர் சொன்னபடி செய்த லேத்துகள் இருக்கின்றன. அந்த லேத்துகளில் ஒன்றைக்கூட அவர் விற்கவில்லை. விற்றது புத்தகம் மட்டும்.

கணக்குப் பார்ப்போம்

கோல்ட்ஷ்மிட் தன் யோசனையை மெஷினாக விற்றார். ஹிக்மன் தன் யோசனையின் உரிமையை வைத்துக்கொண்டு, தயாரிக்கும் வேலையைக் கம்பெனிக்குக் கொடுத்தார். பெக்போர்டில் கோடு வரையும் வழக்கம் யாருடையது என்றுகூட இல்லை, யார் வேண்டுமானாலும் வரையலாம். ஜிஞ்சரி செய்முறையையே விற்றார். வாங்கியவர் அதைச் செய்து முடித்துவிட்டால் அவரை நம்பி இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

பணமாகப் பார்த்தால் ஹிக்மன்தான் ஜெயித்தவர், சந்தேகமே இல்லை. காப்புரிமை இல்லாமல் இருந்திருந்தால், முதலில் மறுத்த கம்பெனிகளே பின்னால் காப்பியடித்து அவரைக் காணாமல் ஆக்கியிருக்கும். தனி ஆளுக்குக் காப்புரிமை எவ்வளவு பெரிய கேடயம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் நம் பாடப் புத்தகத்தில்கூட இல்லை.

ஆனால் காப்புரிமைக்கு ஒரு ஆயுள் உண்டு. ஒர்க்மேட் காப்புரிமை முடிந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. இன்றைக்கு அதே மாதிரி மடக்கு பெஞ்சைப் பல கம்பெனிகள் செய்கின்றன. மரத்துண்டும் திருகும் வாங்கி வீட்டிலேயே அதைச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். ஒருத்தர் வீட்டுத் தேவைக்குப் பிறந்த பொருள், கடைக்குப் போய், கோடிக்கணக்கில் விற்று, மறுபடி வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டது. ஜிஞ்சரியின் லேத் வீட்டை விட்டு வெளியே போகவே இல்லை.

இந்தக் கதைகளைப் படித்த பிறகு, மார்க்கெட்டிங் வகுப்பில் 'சந்தையின் அளவு' என்று கரும்பலகையில் எழுதும்போதெல்லாம் எனக்கு அந்த ஸ்வீடன் நாற்காலிதான் ஞாபகம் வருகிறது. ஒரு பொருளுக்குச் சந்தை இல்லை என்று யாராவது சொன்னால், தேவை இல்லையா, அல்லது வைக்க இடமும் வாங்கப் பணமும் இல்லையா என்று ஒரு தடவை கேட்டுவிடுவது நல்லது. முதல் பதில் என்றால் கடையை மூடலாம். இரண்டாவது பதில் என்றால் எங்கேயோ ஒரு ஷெட்டில் யாரோ அதற்கு ஏற்கெனவே வழி கண்டுபிடித்துக்கொண்டிருப்பார்.

உங்கள் வீட்டிலோ பக்கத்துப் பட்டறையிலோ இப்படி யாராவது தானே செய்த கருவி இருந்தால் நன்றாகப் பாருங்கள். கொஞ்சம் கோணலாக இருந்தாலும் பரவாயில்லை.